பறக்கும் மனிதனின் நான்கு படங்கள்

ஒரு படத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியவன், அதை மீண்டும் பார்க்க ஆசைப்பட்டால், அந்தப் படம் மறுபடி தன் ஊர்க் கொட்டகைக்கு வந்து சேரும் நாளை எதிர்நோக்கிக் காத்திருப்பதைத் தவிர வேறு கதியில்லாத காலம் ஒன்று இருந்தது என்பதை, நினைத்த படத்தை நினைத்த வேளையில் கண்முன் வரவழைத்துக்கொள்ளும் வசதி வாய்ந்துவிட்ட இக்காலத்து ரசிகர்கள் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். அந்நாளில் ஒரு படத்தொடரின் பாகங்களை ஒப்பிட்டு, இது உயர்ந்தது, இது தாழ்ந்தது என்று தீர்ப்புச் சொன்னவன் தன் ஞாபகசக்தியை நம்பியே சொன்னான். ஞாபகமோ, பிடித்த காட்சிகளுக்கு மெருகேற்றியும் அலுப்புத் தந்த காட்சிகளை அடியோடு துடைத்தெறிந்தும், தனக்கு வேண்டிய விதமாக ஒரு புதுப் படத்தையே தொகுத்து வைத்துக்கொள்ளும் சுபாவமுடையது. இன்றோ எல்லாப் பாகங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்து, விடைத்தாள் திருத்தும் உபாத்தியாயரைப்போல் மதிப்பெண் இடும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. அதிமானுஷ வீரர்களைப் பற்றிய படங்கள் பாகம் பாகமாகப் பெருகிக்கொண்டே போவதால், இந்த வழக்கத்துக்கு அவையே மிகவும் தோதான பொருளாகவும் அமைந்துவிட்டன.

இவ்வகைப் படங்களில் 1978 முதல் 1987 வரை வெளிவந்த நான்கு சூப்பர்மேன் படங்களை நான் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்வதற்கு விசேஷமான காரணம் ஒன்று உண்டு. நான்கிலும் கதாநாயகர் கிறிஸ்டோபர் ரீவ் என்னும் ஒரே நடிகர்; நான்கிலும் அதே நீல உடுப்பு, அதே சிவப்பு மேலங்கி; இசையமைத்தவர் மாறியபோதும் ஜான் வில்லியம்ஸ் முதலில் எழுதிய அதே ஸ்வரங்களே முரசுபோல் ஒலித்து நாயகனை வரவேற்கின்றன. மாறியவர்கள் டைரக்டர்களும் முதலாளிகளுமே. அளவுகோல் நெளியாமல் இருக்கையில் ஏற்றத்தாழ்வுகளைக் கண்டறிவது சுலபமல்லவா? அப்படி அளந்து பார்த்ததில் எனக்குத் தோன்றிய அபிப்பிராயம் இதுதான்: நாயகனிடத்தில் நம்பிக்கை, கையில் தாராளமான பணம், அவசரப்படாத பொறுமை ஆகிய மூன்றும் ஒன்றுகூடியது அந்த ஒன்பது ஆண்டுகளில் ஒரே ஒரு தடவைதான்.

இந்த வீரன் பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுவது நல்லது. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்தின் கிளீவ்லாண்டு நகரில், பள்ளிக்கூட நாட்களிலேயே நண்பர்களான ஜெர்ரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்ற இரண்டு யூத இளைஞர்கள், ஒருவர் கதை எழுத மற்றவர் சித்திரம் வரைய, சிருஷ்டித்த பாத்திரம் அது. பல இடங்களில் நிராகரிக்கப்பட்ட பிறகு, 1938-ஆம் ஆண்டு ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ பத்திரிகையின் முதல் இதழில் அது அச்சேறியபோது, பாத்திரத்தின் சகல உரிமைகளையும் சேர்த்துப் பிரசுரகர்த்தர்கள் கொடுத்த தொகை 130 டாலர். அந்த முதல் கதையில் சூப்பர்மேன் பறக்கமாட்டான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். எட்டில் ஒரு பங்கு மைல் தூரம் தாண்டுவான். இருபது மாடிக் கட்டடத்தை எகிறிக் கடப்பான். ஆனால் தாண்டியவன் தரைக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். வானொலி நாடகத்திலும் கார்ட்டூன் சித்திரங்களிலும் புகுந்த பின்புதான், தத்தித் தாவுவது காதுக்கும் கண்ணுக்கும் உசிதமாக இல்லை என்றோ என்னவோ, அவன் நிலையாகப் பறக்கத் தொடங்கினான்.

பறக்கத் தொடங்கியதிலிருந்து அவனைத் திரையில் காட்ட முயன்றவர்களுக்குத் தலைவலியும் தொடங்கிவிட்டது. முதலில் ஃப்ளைஷர் சகோதரர்களின் ஸ்டுடியோவிலும் பிறகு அதன் இடத்துக்கு வந்த ஸ்டுடியோவிலுமாக 1941 முதல் 1943 வரை தயாரான 17 குறும்படங்கள் கையால் வரையப்பட்டவையாதலால் அவற்றில் இந்தச் சங்கடம் எழவில்லை. நீலமும் கறுப்பும் கலந்த அந்த இரவு நகரத்தின் அழகை இன்று பார்த்தாலும் மனம் லயிக்கும். நிஜ மனிதனைப் பறக்கவிட முயன்றவர்கள் பட்ட பாடுதான் வேறு. ரிபப்ளிக் கம்பெனியார் 1941-இல் ‘காப்டன் மார்வெல்’ என்ற போட்டி வீரனை வைத்துப் பன்னிரண்டு வாரத் தொடர்படம் எடுத்தபோது, லைடெக்கர் சகோதரர்கள் என்ற தந்திரக் காட்சி நிபுணர்கள் மனித உருவினும் சற்றுப் பெரிய பொம்மை ஒன்றைச் செய்து, கண்ணுக்குத் தெரியாத கம்பியில் கப்பி கட்டி வழுக்கவிட்டார்கள். பொம்மை என்று தெரிந்தும் நம்பத் தோன்றுகிற அந்தப் பறத்தலுக்கு முன்னால், ஏழு ஆண்டுகள் கழித்துக் கொலம்பியா கம்பெனியார் எடுத்த சூப்பர்மேன் தொடர்படம் தலைகுனிந்து நிற்க வேண்டியதுதான். சிக்கனத்துக்குப் பெயர்போன ஸாம் காட்ஸ்மன் தயாரித்த அந்தப் பதினைந்து பாகப் படத்தில் கிர்க் ஆலின் நாயகனாக நடித்தார். கம்பியில் தொங்கவிட்டுப் பார்த்ததில் கம்பி திரையில் பளிச்சென்று தெரிந்தது; ஆகவே, மனிதன் ஓடிவந்து ஒரு பாறைக்குப் பின்னால் மறைவதும், அங்கிருந்து ஒரு கார்ட்டூன் உருவம் கிளம்பி வானில் போவதும், அது வேறொரு மறைவில் இறங்கியதும் மனிதன் வெளியே வருவதுமாக ஒப்பேற்றிவிட்டார்கள். சனிக்கிழமைப் பகல் காட்சியில் வாரம் ஒரு பாகமாகப் பார்த்த சிறுவர்கள் இதையெல்லாம் பெரிதாக எண்ணவில்லை. பதினைந்து பாகங்களையும் ஒரே மூச்சில் பார்க்கத் துணியும் இன்றைய ரசிகனுக்குத்தான், ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் யாரேனும் ஒருவர் சாகக் கிடப்பதும் அடுத்த பாகத்தின் தொடக்கத்தில் பிழைத்து எழுவதும் பொறுக்க முடியாத சோதனையாகிறது. ஒரு வாரம் இடைவெளி விட்டுப் பார்ப்பதற்காகச் செய்த பண்டத்தை இடைவெளியின்றிப் பார்த்துவிட்டுக் குறைகூறுவது நியாயமில்லை என்பதால், அதற்கு நான் மதிப்பெண் இடாமல் விடுகிறேன்.

1951-இல் ஜார்ஜ் ரீவ்ஸ் நடித்த 58 நிமிஷப் படம் ஒன்று வந்தது. பூமியை வெகு ஆழம் துளைத்த எண்ணெய்க் கிணற்றின் வழியாக மேலே வந்துவிடும் குள்ள ஜீவன்களைக் கண்டு மிரண்ட ஊரார், துப்பாக்கியும் நாயுமாக அவற்றைக் கொல்லப் புறப்படும்போது, சூப்பர்மேன் கூட்டத்துக்கு எதிரில் தனியனாக நின்று அவற்றைக் காப்பாற்றுகிறான். பறக்கும் காட்சி அதில் மிக அரிது. ஆயினும், பலசாலியின் வேலை பலவீனனுக்கு முன்னால் போய் நிற்பதுதான் என்ற விஷயத்தை இத்தனை சுருக்கமாகப் பிற்காலத்துக் கோடிக்கணக்கான டாலர் படங்களும் சொன்னதில்லை. அதைத் தொடர்ந்து 1952 முதல் 1958 வரை அதே நடிகர் தொலைக்காட்சியில் அந்த உடுப்பை அணிந்தார்.

பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சூப்பர்மேன் திரையரங்கின் பக்கம் தலைகாட்டவில்லை. 1974-இல் அலெக்ஸாண்டர் ஸால்கைண்டும் அவருடைய குமாரர் இல்யாவும் படம் எடுக்கும் உரிமையை விலைக்கு வாங்கினார்கள். இந்தத் தந்தையும் மகனும் ஐரோப்பாவில் பல தேசங்களின் பணத்தைத் திரட்டிப் படம் எடுக்கும் சாமர்த்தியசாலிகள். ‘மூன்று மஸ்கட்டியர்கள்’ கதையை ஒரே படம் என்று சொல்லி நடிகர்களை ஒப்பந்தம் செய்து எடுத்துவிட்டு, இரண்டு படங்களாக வெட்டி வெளியிட்டு, நடிகர்களால் கோர்ட்டுக்கு இழுக்கப்பட்டவர்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அமெரிக்க நடிகர்களின் ஒப்பந்தங்களில், எடுப்பது எத்தனை படம் என்று முன்கூட்டியே குறிப்பிட வேண்டும் என்ற ஷரத்து இவர்களுடைய பெயராலேயே வழங்கலாயிற்று என்றால், அவர்களுடைய கீர்த்தியைத் தனியே வர்ணிக்க வேண்டியதில்லை. அந்த மஸ்கட்டியர் படங்களை டைரக்டு செய்த ரிச்சர்ட் லெஸ்டரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கதையில் அவர் பின்னால் வருகிறார்.

‘காட்ஃபாதர்’ எழுதிய மரியோ பூஸோவைக் கொண்டு கதை எழுதச் செய்து, பெரும் பொருட்செலவில் படம் வரப்போகிறது என்று தம்பட்டம் அடிக்கப்பட்ட அதே 1975-ஆம் ஆண்டில், அந்தப் பாத்திரத்தைச் சிருஷ்டித்த சீகல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சொற்ப ஊதியத்துக்குக் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஷுஸ்டருக்குக் கண்பார்வை அநேகமாகப் போய்விட்டிருந்தது. மனம் கொதித்த சீகல், வரப்போகும் படத்துக்குச் சாபமிட்டு ஒரு நீண்ட அறிக்கை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்ஸன் முதலிய சித்திரக்காரர்கள் அவர்களுக்காகப் பரிந்து போராட்டம் நடத்தினார்கள். படத்துக்கு அபகீர்த்தி வந்துவிடுமே என்ற அச்சத்தாலோ, மனச்சாட்சியின் உறுத்தலாலோ, பாத்திரத்தின் உரிமையை அப்போது வைத்திருந்த வார்னர் கம்பெனியார் அந்த ஆண்டின் இறுதியில் இருவருக்கும் ஆளுக்கு ஆண்டுதோறும் 20,000 டாலர் வழங்கவும், சிருஷ்டிகர்த்தர்கள் என்ற இடத்தில் அவர்களுடைய பெயரை மீண்டும் பொறிக்கவும் சம்மதித்தார்கள். முதல் படத்தின் பெயர்ப்பட்டியலில் நீல ஒளிக் கோடுகளாகப் பாய்ந்துவரும் பெயர்களுக்கிடையே அந்த இரண்டு பெயர்களும் வருகின்றன. அங்கே ஒரு கணம் நிறுத்திப் பார்ப்பது என் வழக்கம்.

முதலில் டைரக்டராக அமர்த்தப்பட்ட கை ஹாமில்டன், வரித் தொல்லை காரணமாக இங்கிலாந்தில் தங்க முடியாத நிலையில் விலகிக்கொள்ள, அந்த இடத்துக்கு ரிச்சர்ட் டானர் வந்தார். அவர் கைக்கு வந்த கதைப் பிரதி பிரம்மாண்டமானது; ஆனால் நாயகனைக் கேலி செய்யும் ஹாஸ்யங்கள் நிரம்பியது. நண்பர் டாம் மான்கிவிட்ஸை அழைத்து அதைத் திருத்தி எழுதச் செய்த டானர், உண்மைத்தோற்றம் என்று பொருள்படும் சொல்லைப் பெரிதாக எழுதி அலுவலகத்தில் மாட்டிவைத்தார். பறக்கும் மனிதன் ஒருவன் இருந்தால் உலகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் படம் எடுக்க வேண்டுமே தவிர, பார், இவன் பறக்கிறானாம் என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு எடுக்கலாகாது என்பது அவருடைய கொள்கை.

1977 மார்ச்சில் இங்கிலாந்தின் ஷெப்பர்ட்டன், பைன்வுட் ஸ்டுடியோக்களில் படப்பிடிப்பு ஆரம்பமாயிற்று. இரண்டு படங்களையும் ஒருங்கே எடுப்பதாக ஏற்பாடு. ஸால்கைண்டுகள் பழைய பாடத்திலிருந்து ஒன்று மட்டும் கற்றுக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை அதை முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். சூப்பர்மேனின் தந்தையாகச் சில நிமிஷங்களே தோன்றும் மார்லன் பிராண்டோவுக்கு 37 லட்சம் டாலரும் வசூலில் ஒரு பங்கும். இரண்டு படங்களையும் தோளில் சுமக்கும் ரீவுக்கு இரண்டரை லட்சம் டாலர். வசனம் மனப்பாடம் செய்ய மறுக்கும் பிராண்டோ, தொட்டில் குழந்தையின் அரைத்துணியில் எழுதி வைத்துக்கொண்டு படித்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அப்படியே இருந்தாலும், மகனை வழியனுப்பும் அந்தக் காட்சியில் அவருடைய குரலிலுள்ள கம்பீரத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

பறக்கவைக்கும் பிரச்சினை பழையபடியே குறுக்கே நின்றது. பொம்மையை வில்லில் வைத்து எய்து பார்த்தார்கள். மனித உருவில் செய்த சிறு விமானத்தைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். எதுவும் மனிதனாகத் தெரியவில்லை. நீலத் திரைக்கு முன்னால் நிறுத்திப் படம்பிடித்துப் பின்புலத்தை மாற்றலாமென்றால், நாயகனின் உடுப்பே நீலமாயிற்றே! திரையோடு சேர்ந்து அவனும் மறைந்துபோவான். அதற்காக உடுப்பைப் பச்சை கலந்த ஒரு நீலத்தில் தனியே தைத்துப் படம்பிடித்து, பிறகு நிறத்தைச் சரிசெய்தார்கள். எல்லாவற்றையும்விட நுட்பமான யுக்தி ஸோரன் பெரிஸிச் என்பவருடையது. நடிகருக்குப் பின்னால் திரையில் மேகமும் மலையும் விழும்படி செய்யும் புரொஜெக்டருக்கும், அவர்களைப் படம்பிடிக்கும் கேமராவுக்கும் ஒரே மாதிரியான ஜூம் லென்ஸுகளைப் பொருத்தி, இரண்டும் ஒரே வேகத்தில் இயங்கும்படி இணைத்துவிட்டார். புரொஜெக்டர் பின்புலத்தைச் சிறிதாக்கும் அதே கணத்தில் கேமரா அதே அளவுக்கு நெருங்குவதால், பின்புலம் மாறாமல் அப்படியே நிற்க, நடுவில் தொங்கும் மனிதன் மட்டும் பெரிதாகிப் பெரிதாகி நம்மை நோக்கிப் பாய்ந்து வருவது போன்ற தோற்றம் உண்டாகிறது. உண்மையில் அவர் இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. இந்த வேலைக்காகப் பெரிஸிச் உள்ளிட்ட குழுவினருக்கு விசேஷ ஆஸ்கார் விருது கிடைத்தது.

ஆயினும் யந்திரம் பாதி, மனிதன் பாதி. கிளைடர் ஓட்டுவதில் பழக்கமுள்ள ரீவ், காற்றில் வளையும்போது எந்தத் தோள் முதலில் தாழும், எந்தக் கை பின்னால் தங்கும் என்பதை உடலால் அறிந்திருந்தார். கப்பியில் தொங்கியவாறே வளைவுக்கு முன்னால் கண்ணைத் திருப்பினார். முன்னாளைய நாயகர்கள் பறக்கும்போது தூக்கிச் செல்லப்படுபவர்களாகத் தோன்றினார்கள். இவர் தாமாகப் போகிறார்.

பறப்பதைக் காட்டிலும் பெரிய சித்து ஒன்றையும் அவர் அந்தப் படத்தில் செய்திருக்கிறார். நிருபர் லோயிஸ் லேனை வான்வெளியில் அழைத்துச்சென்று கொண்டுவந்து விட்டவன், சிறிது நேரத்தில் கிளார்க் கென்ட் என்ற சாதாரண மனிதனின் மாறுவேடத்தில் அவளுடைய வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அவள் உடை மாற்ற உள்ளே போகிறாள். உண்மையைச் சொல்லிவிடலாமா என்ற சபலம் அவனுக்கு எழுகிறது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறான், கூனியிருந்த முதுகு மெல்ல நிமிர்கிறது, தோள் விரிகிறது, முகத்தின் எலும்புகளே இடம்மாறிவிட்டனவோ என்று தோன்றும்படி பார்வை உறுதிப்படுகிறது, தொண்டையிலிருந்து வந்த குரல் மார்பிலிருந்து வருகிறது. அவள் திரும்பி வரவும் தைரியம் கைவிட்டுப் போகிறது. மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் கூன், மறுபடியும் அந்தத் தடுமாற்றக் குரல். வெட்டு இல்லாமல், தந்திரம் இல்லாமல், நம் கண்ணெதிரே ஒரு மனிதன் இருவராகி மீண்டும் ஒருவனாகும் அந்தச் சில விநாடிகளைப் பார்த்தவர்கள், ஒரு மூக்குக் கண்ணாடியால் ஊரை ஏமாற்ற முடியுமா என்று கேட்கும் பழைய பரிகாசத்தை அப்புறம் கேட்கமாட்டார்கள்.

குறைகள் இல்லாமலில்லை. ஜீன் ஹாக்மன் எத்தனை திறமையாக நடித்தபோதிலும், அவருடைய வில்லனும் அசட்டுச் சிஷ்யனும் வேறொரு படத்திலிருந்து வழிதவறி வந்தவர்களைப்போல் தோன்றுகிறார்கள். வானத்தில் காதலர் பறக்கும்போது லோயிஸின் மனக்குரலாக ஓதப்படும் கவிதை காதைப் பொத்திக்கொள்ளச் செய்கிறது. பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தைப் பின்னோக்கித் திருப்பிவிடும் முடிவோ, அதுவரை கட்டிக் காத்த நியாயத்தையெல்லாம் ஒரே வீச்சில் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் கனடா நாட்டு அல்பர்ட்டாவின் விரிந்த கோதுமை வயல்களுக்கு நடுவே, வளர்ப்புத் தந்தை இடது கையைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுவதும், இத்தனை சக்தியிருந்தும் அவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று பையன் இடுகாட்டில் நின்று தவிப்பதும், அந்த ஒளிப்பதிவைச் செய்த ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் படம் வெளிவரும் முன்பே காலமாகிவிட்டார் என்ற விவரத்தோடு சேர்ந்து, என் மனத்தில் எப்போதும் தங்கியிருக்கின்றன. 1978 டிசம்பரில் வெளியான இப்படத்துக்குச் செலவு ஐந்தரைக் கோடி டாலர் என்றும், அக்காலத்தில் அதற்குமுன் யாரும் அவ்வளவு செலவிட்டதில்லை என்றும் சொல்லப்பட்டது. நான் இடுவது நூற்றுக்கு 88.

இரண்டாவது படத்தின் பெரும்பகுதியை எடுத்து முடித்திருந்த டானரை, பணத்தையும் காலத்தையும் பற்றிய ஓயாத சச்சரவுகளுக்குப் பிறகு 1979-இல் ஸால்கைண்டுகள் நீக்கிவிட்டு, முன்பே சமரசத் தூதராக ஸ்டுடியோவுக்கு வந்துபோய்க்கொண்டிருந்த ரிச்சர்ட் லெஸ்டரைக் கொண்டு பூர்த்தி செய்தார்கள். வசூல் பங்குக்காகப் பிராண்டோ வழக்குத் தொடுத்ததால், அவர் நடித்த காட்சிகளை அடியோடு எடுத்துவிட்டு நாயகனின் தாயாக வரும் பாத்திரத்தைக் கொண்டு ஒப்பேற்றினார்கள். ஹாக்மன் திரும்பிவர மறுத்ததால், தேவைப்பட்ட இடங்களில் அவருடைய சாயலுள்ள வேறொருவரை நிறுத்தினார்கள். இவ்வளவு கந்தலையும் தைத்து ஒட்டிய படம் நன்றாகவே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. முக்கியக் காரணம், ஜெனரல் ஸாட் ஆக வரும் டெரன்ஸ் ஸ்டாம்ப். உலகத்தையே ஜயித்துவிட்டு, இனி என்ன செய்வதென்று தெரியாமல் ஜனாதிபதியின் மாளிகையில் சலித்து உட்கார்ந்திருக்கும் சர்வாதிகாரியின் அலுப்பை அவர் எவ்வளவு அழகாகக் காட்டுகிறார்! காதலுக்காகச் சக்தியைத் துறந்தவன் சாலையோரச் சிற்றுண்டிக் கடையில் ஒரு லாரிக்காரனிடம் அடிபட்டு, தன் ரத்தத்தைத் தானே வியப்புடன் பார்க்கும் இடமும் உயர்ந்தது. ஆனால் நகர வீதியில் நடக்கும் பெரும் போரில், ஸாடும் அவனுடைய இரண்டு கூட்டாளிகளும் ஊதிய காற்றில் ஜனங்கள் பறந்து விழும்போது, ஒருவன் டெலிபோனில் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பதும், இன்னொருவன் முகத்தில் ஐஸ்கிரீம் அப்புவதுமாக லெஸ்டர் சேர்த்த கோமாளித்தனங்கள், அந்த ஜனங்களுக்காக நாயகன் படும் கவலையை நீர்த்துப்போகச் செய்துவிடுகின்றன. 1980 டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும், அடுத்த ஆண்டு ஜூனில்தான் அமெரிக்காவிலும் இது வெளியாயிற்று. 70 மதிப்பெண் தருகிறேன்.

லெஸ்டர் சேர்த்த அந்தக் கோமாளித்தனம் என்னும் விஷவித்துதான் 1983-இல் வந்த மூன்றாம் படத்தில் முளைத்து மரமாயிற்று. பணத்துக்குக் குறைவில்லை, ரிச்சர்ட் பிரையர் என்ற பிரசித்தி பெற்ற விகடரை அழைத்துவந்து, அவரைச் சுற்றியே கதையை ஓட்டி, நாயகனைத் தன் படத்திலேயே விருந்தாளியாக்கிவிட்டார்கள். லோயிஸ் லேன் சில நிமிஷங்களுக்கு மேல் தோன்றுவதில்லை. வழுக்கி விழுவோரும் மோதிக்கொள்வோருமாக ஓடும் ஆரம்பப் பெயர்ப்பட்டியலைப் பார்க்கும்போதே, டைரக்டருக்கு நாயகனிடத்தில் நம்பிக்கையில்லை என்பது விளங்கிவிடும். இருந்தும் ஒரு காட்சிக்காக இதை மன்னிக்கலாம். தன் சக்தியை முறிக்கும் கிரிப்டனைட் என்ற கல்லுக்குப் போலியாகப் புகையிலைத் தார் கலந்து செய்த பொருளால் குணம் கெட்டுப்போன சூப்பர்மேன், பீஸா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தை நிமிர்த்திவைத்தும், ஒலிம்பிக் தீபத்தை ஊதி அணைத்தும், குடித்தும் திரிந்த பின், பழைய மோட்டார்க் குப்பைமேட்டில் இரண்டாகப் பிளவுபடுகிறான். தாடி முளைத்த முகமும் அழுக்கேறிய உடுப்புமாக ஒருவன். கண்ணாடியும் கோட்டும் அணிந்த கிளார்க் மற்றவன். வசனம் அநேகமாக இல்லை. தீயவன் அடிக்க, சாது அடிபட்டுக்கொண்டே எழுந்து எழுந்து வந்து, இறுதியில் கழுத்தை நெரித்து அவனை இல்லாமலாக்கிவிட்டு, சட்டையைப் பிளந்து தூய நிறமுள்ள சின்னத்தைக் காட்டி நிற்கிறான். வெளியே பரிகாசமாக ஓடும் படத்துக்குள், ரீவ் ஒருவரே தம் பாத்திரத்தைக் கௌரவமாக நடத்தியிருக்கிறார். படத்துக்கு 42; அதில் பாதிக்கு மேல் அந்தக் குப்பைமேட்டுக்கு.

1984-இல் ஸால்கைண்டுகள் எடுத்த ‘சூப்பர்கேர்ள்’ பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. அதன் தோல்விக்குப் பிறகு உரிமையைக் கானன் கம்பெனியின் கோலன், குளோபஸ் ஆகியோருக்கு விற்றுவிட்டார்கள். நடிக்க மாட்டேன் என்றிருந்த ரீவை, அவர் விரும்பிய வேறொரு படத்துக்குப் பணம் தருவதாகவும், சூப்பர்மேன் கதையில் அவருடைய கருத்தையும் சேர்க்கலாம் என்றும் சொல்லி இழுத்தார்கள். அணு ஆயுதங்களை உலகிலிருந்து ஒழிக்க ஒரு சிறுவன் வேண்டுகோள் விடுப்பதும், அதைச் சூப்பர்மேன் ஏற்பதுமான கதை அப்படி உருவாயிற்று. லட்சியம் உத்தமமானது. ஆனால் ஒரே சமயத்தில் ஏராளமான படங்களில் கைவைத்துப் பண நெருக்கடியில் சிக்கியிருந்த கம்பெனி, 3 கோடி 60 லட்சம் டாலர் என்று போட்ட திட்டத்தை 1 கோடி 70 லட்சமாகக் குறைத்துவிட்டது. ஐக்கிய நாட்டு சபைக்கு அவன் நடந்து செல்லும் காட்சியை நியூயார்க்கில் எடுக்க வழியில்லாமல், இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்ற புதுநகரத்து ரயில் நிலையத்துக்கு எதிரே, கொஞ்சம் ஆட்களை நிறுத்திவைத்து எடுத்தார்கள். அதைப் பற்றிய தம் மனக்கசப்பை ரீவ் பின்னாளில் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பறக்கும் காட்சி ஒன்றையே பின்புலத்தை மாற்றி மாற்றித் திரும்பத் திரும்ப உபயோகித்திருப்பது ஊன்றிப் பார்ப்பவனுக்கு நன்றாகத் தெரியும். சீனப் பெருஞ்சுவரைக் கண்பார்வையாலேயே கட்டிமுடிக்கிறான். வில்லன் ஒரு பெண்ணை விண்வெளிக்கே தூக்கிச் செல்ல, அவள் காற்றில்லாத வெளியில் சௌகரியமாகச் சுவாசிக்கிறாள். முக்கால் மணி நேரத்துக்கு உரிய காட்சிகளை வெட்டி எறிந்தபின் 1987-இல் வெளியிட்ட இப்படம் அமெரிக்காவில் 1 கோடி 60 லட்சம் டாலரைக்கூட எட்டவில்லை. முதல் படம் அங்கே 13 கோடியே 40 லட்சம் ஈட்டியிருந்தது. மூன்றாம் படத்தில் பணம் இருந்து நம்பிக்கை இல்லை. நான்காவதில் நம்பிக்கை இருந்து பணம் இல்லை. என் அனுதாபம் நான்காவதன் பக்கமே. ஆனால் அனுதாபத்துக்கு மதிப்பெண் இட முடியாதாகையால் 30.

இந்தத் தராதரம் பார்க்கும் வேலையை இன்னும் சிக்கலாக்கியவை பிற்காலப் பதிப்புகள். 1982 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி முதல் படத்தை இரண்டு இரவுகளில் 182 நிமிஷமாக நீட்டி ஒளிபரப்பியது. கொட்டகையில் பார்த்ததோ 143 நிமிஷம். பிறகு வீடியோ கேஸட் வீடுகளுக்குள் வந்து, வேண்டியபோது படம் பார்க்க வழிசெய்தது. 2001-இல் 151 நிமிஷப் பதிப்பு டிவிடியில் வந்தது. 2006-இல், ரசிகர்களின் நெடுநாள் வேண்டுகோளுக்கு இணங்கி, பாதுகாக்கப்பட்டிருந்த படச்சுருள்களிலிருந்து இரண்டாம் படத்தின் டானர் பதிப்பு தொகுத்து வெளியிடப்பட்டது. பிராண்டோ திரும்பி வருகிறார். மகனுக்குச் சக்தியைத் திருப்பிக் கொடுத்துத் தாம் அணைந்துபோகிறார். கிளார்க்கின் ரகசியத்தை அறிய லோயிஸ் துப்பாக்கியால் சுடும் காட்சி டானர் எடுக்காமலே விட்டதாகையால், 1977-இல் நடிகர்களைத் தேர்ந்தெடுக்க எடுத்த பரீட்சைப் படத்தையே அங்கே சேர்த்திருக்கிறார்கள். ஒரு கோணத்தில் பார்த்தால் ரீவ் இன்னும் ஒல்லியாக, தேகப்பயிற்சி செய்து உடம்பைப் பெருக்கிக்கொள்வதற்கு முன்னிருந்த இளைஞராகத் தெரிகிறார். தலைமுடியும் வேறு, கண்ணாடியும் வேறு. குறைதான், ஆனால் நடிப்பில் இந்தப் பரீட்சைக் காட்சி, லெஸ்டர் எடுத்த பதில் காட்சியை எளிதில் விஞ்சிவிடுகிறது. முற்றுப்பெறாத படமென்பதை நினைவில் கொண்டு 74 இடுகிறேன்.

புதிதாகப் பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் படத்தை 143 நிமிஷப் பதிப்பிலேயே பாருங்கள். அடுத்து இரண்டாம் படத்தை லெஸ்டர் பதிப்பில் பார்த்துவிட்டு, சில மாதங்கள் கழித்து டானர் பதிப்பைப் பாருங்கள். ஏனென்றால் காலத்தைத் திருப்பும் அந்த முடிவு முதலில் இரண்டாம் படத்துக்கென்றே யோசிக்கப்பட்டு, பிறகு முதல் படத்துக்கு மாற்றப்பட்டது. டானர் பதிப்பில் அது மறுபடியும் வருவதால், அடுத்தடுத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரே முடிவை இரண்டு தடவை பார்த்த அலுப்பே மிஞ்சும். மூன்றாம் படத்தில் குப்பைமேட்டுக் காட்சியை மட்டும் தேடிப் பார்த்தால் போதும். நான்காவதை, ரீவின் மீது பிரியம் ஏற்பட்ட பிறகு பாருங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.